கமைச்சா

கமைச்சா என்பது ராஜஸ்தான் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், தார் பாலைவனத்தில் வாழும் மாங்கணியார் என்னும் இசைச் சமூகத்தினர் வாசிக்கும் நரம்பிசைக் கருவி ஆகும். இது வில்லினால் உரசி இசைக்கப்படுகிறது. கமாய்ச்சா, காமைச்சா என்றும் இதன் பெயர் எழுதப்படுவதுண்டு. ஜெய்சல்மேர், பார்மேர் ஆகிய இரு மாவட்டங்களே இக்கருவி பெரிதும் வழங்கும் பகுதிகளாகும்.

கமைச்சா முதன்மையாக வாய்ப்பாட்டுக்குப் பக்கவாத்தியம் ஆகும். பாடுபவரே இதை வாசிப்பதும் உண்டு. பாரசீக இசையிலும் காக்கேசியப் பகுதியின் இசையிலும் வழங்கும் கமாஞ்சே என்னும் கருவியுடன் இது பெயரளவில் தொடர்புடையது. எனினும் அமைப்பிலும், பயன்படும் சூழலிலும் இவ்விரண்டும் வேறுபட்டவை. இருபதாம் நூற்றாண்டில் இரு கருவிகளுமே ஐரோப்பாவிலிருந்து வந்த கருவிகளின் போட்டியைச் சந்தித்தன. கமாஞ்சே அப்போட்டியிலிருந்து மீண்டது. கமைச்சாவை வாசிப்போரும் செய்வோரும் குறைந்துவிட்டனர்.

பெயர்

பாரசீக மொழியில் "கமான்" என்பது வில்லைக் குறிக்கும். அதனுடன் சிறுமையை உணர்த்தும் "சே" என்னும் விகுதி சேர்ந்து "கமாஞ்சே" ஆயிற்று. இதன் பொருள் "சிறு வில்" என்பதாகும். கமைச்சா என்னும் பெயர் இச்சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. அம்பு எய்யும் வில்லைக் குறிக்கும் "கமான்" என்ற சொல் இந்தியிலும் வழக்கில் உள்ளது.

தமிழ்நாட்டில் "வில்லிசை" என்றால் வில்லுப்பாட்டையே குறிக்கும். வில்லுப்பாட்டில் வில்லே இசைக்கருவி. அது கோலால் அடித்து ஒலிக்கப்படுகிறது. கமைச்சா, வயலின் முதலிய கருவிகளிலோ வில் என்பது நரம்புகளை உரசுவதற்குப் பயன்படும் தனி உறுப்பு மட்டுமே. எனவே இக்கட்டுரையில் இவை "வில்லால் உரசப்படும் கருவிகள்" என்றே குறிப்பிடப்படுகின்றன.

அமைப்பு

கமைச்சாவின் குடம் வட்ட வடிவமானது. அது பெரும்பாலும் மாமரத்தைக் குடைந்து செய்யப்படுகிறது. குடத்தின் திறந்த வாய் ஆட்டுத்தோலால் மூடப்பட்டிருக்கும். தோலின் மீது குதிரை எனப்படும் பாலம் நிற்கும். நரம்புகள் குதிரையைக் கடந்து, தண்டியின் வழியே மேலே உள்ள முறுக்காணிகளைச் சென்றடையும். வீணையில் உள்ளவை போன்ற மெட்டுகள் இதில் இல்லை.

இக்கருவியில் பொதுவாக 17 நரம்புகள் உள்ளன. அவற்றைப் பின்வருமாறு பிரிக்கலாம்:

முதன்மை நரம்புகள்: இவை மூன்று. ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்யப்படுபவை. பாடலின் மெட்டு இவற்றிலேயே வாசிக்கப்படுகிறது.

உலோகத் தந்திகள்: ஏனைய 14 தந்திகள் எஃகு போன்ற உலோகத்தால் ஆனவை. இவை சுருதி கூட்டவும், முதன்மை நரம்புகளின் ஒலிக்கு ஏற்பத் தாமே அதிர்ந்து ஒலிக்கவும் பயன்படுகின்றன.

தந்திகளின் எண்ணிக்கை எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. செய்பவரையும் வாசிப்பவரையும் பொறுத்து இது சற்று மாறுபடும்.

வில் நீளமானது, வளைந்த மரக்கோலில் குதிரை மயிர் கட்டப்பட்டிருக்கும். மயிர் நரம்பைப் பற்றி இழுப்பதற்காக அதன் மீது பிசின் தேய்க்கப்படுகிறது. பிசின் இல்லாத வில் நரம்பின் மீது வழுக்கிச் செல்லுமேயன்றி ஒலி எழுப்பாது.

ஒலி உண்டாகும் முறை

வில்லால் உரசப்படும் எல்லாக் கருவிகளிலும் ஒலி ஒரே அடிப்படையில் உண்டாகிறது. பிசின் தேய்த்த மயிர், நரம்பைப் பற்றி ஒரு பக்கமாக இழுத்துச் செல்கிறது. ஓர் அளவுக்கு மேல் நரம்பின் விறைப்பு உராய்வை வெல்லும்போது நரம்பு விடுபட்டுப் பின்னே பாய்கிறது. உடனே மயிர் அதை மீண்டும் பற்றுகிறது. இவ்வாறு பற்றுதலும் விடுதலும் ஒரு நொடியில் பல நூறு முறை நிகழ்வதால் தொடர்ச்சியான ஒலி கிடைக்கிறது. வீணையைப் போல மீட்டப்படும் கருவிகளில் ஒலி எழுந்த உடனே தேயத் தொடங்கிவிடும். வில் பயன்படும் கருவிகளில் வில் நகரும் வரை ஒலி நிற்கும். மனிதக் குரலின் நீண்ட கார்வைகளைப் பின்தொடர இக்கருவிகள் ஏற்றவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கமைச்சாவின் தனித்தன்மைக்கு மூன்று கூறுகள் துணை செய்கின்றன. முதலாவது, குடல் நரம்புகள். இவை உலோகத் தந்திகளைக் காட்டிலும் மென்மையான, கனத்த ஒலியைத் தருகின்றன. இரண்டாவது, தோல். குதிரையின் அதிர்வைப் பெற்று அதனைக் காற்றுக்கு அளிப்பது தோலே. மரப்பலகையை மேற்பரப்பாகக் கொண்ட வயலினின் ஒலியிலிருந்து இது எளிதில் வேறுபடுத்தி அறியக்கூடியது. மூன்றாவது, உலோகத் தந்திகளின் ஒத்ததிர்வு. ஒரு சுரம் முதன்மை நரம்பில் ஒலிக்கும்போது, அதே அதிர்வெண்ணுக்குச் சுருதி கூட்டப்பட்ட தந்தி தொடப்படாமலேயே அதிர்கிறது. இதனால் ஒவ்வொரு சுரத்திற்குப் பின்னும் மெல்லிய எதிரொலி போன்ற ஒலி தொடர்ந்து கேட்கும்.

தோலும் குடல் நரம்பும் காற்றின் ஈரப்பதத்தால் பாதிக்கப்படுபவை. ஈரமான காற்றில் தோல் தளர்ந்து ஒலி மங்கும். வறண்ட பாலைவனக் காற்றில் தோல் விறைப்பாக இருக்கும்.

வாசிக்கும் முறை

கமைச்சா வாசிப்பவர் தரையில் அமர்ந்து, குடம் கீழாகவும் தண்டி மேலாகவும் இருக்கும்படி கருவியை நிமிர்த்தி வைத்துக்கொள்வார். இடக்கை விரல்கள் நரம்பின் மீது நகர்ந்து சுரங்களை உண்டாக்கும். வலக்கை வில்லை இழுக்கும். வயலினைப் போல இது தோளிலோ மார்பிலோ தாங்கப்படுவதில்லை.

மெட்டுகள் இல்லாததால் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லவும், சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்ணிய ஒலிகளைத் தொடவும் இயலும். மாங்கணியார்களின் பாடல்களில் சோரட், மாண்டு, சாரங் முதலிய ராகங்கள் வழங்குகின்றன. இவற்றுள் மாண்டு கருநாடக இசை கேட்போருக்கும் அறிமுகமானது. ராஜஸ்தானைத் தாயகமாகக் கொண்ட இந்த ராகம், தென்னிந்தியக் கச்சேரிகளின் பிற்பகுதியில் பாடப்படும் சிறு உருப்படிகளில் இடம்பெறுகிறது.

இக்கருவிக்கு எழுத்து வடிவிலான பாடமுறை வழக்கில் இருந்ததில்லை. சிறுவர்கள் தந்தை, பாட்டனார், மாமன் ஆகியோருடன் நிகழ்ச்சிகளுக்குச் சென்று, கேட்டும் பார்த்தும் கற்றுக்கொள்கின்றனர். பாடலின் சொற்கள், ராகம், அது பாடப்பட வேண்டிய வேளை, யார் வீட்டில் எப்போது பாட வேண்டும் என்பன யாவும் ஒருசேரக் கற்கப்படுகின்றன. மரபு வழியாக ஆண்களே கமைச்சா வாசித்து வந்துள்ளனர்.

மாங்கணியாரும் புரவலரும்

மாங்கணியார் பரம்பரை இசைஞர்கள். இவர்கள் இசுலாமிய சமயத்தைச் சேர்ந்தவர்கள். இவர்களுடைய புரவலர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், குறிப்பாக ராஜபுத்திரர்கள். சாரணர், மேக்வால் முதலிய சமூகத்தினரும் புரவலர்களாக உள்ளனர். புரவலர் "ஜஜ்மான்" எனப்படுகிறார். ஒரு குறிப்பிட்ட மாங்கணியார் குடும்பம் குறிப்பிட்ட சில புரவலர் குடும்பங்களுக்குப் பாடும் உரிமையைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றிருக்கும். தந்தையின் புரவலர் குடும்பங்கள் மகன்களுக்குப் பங்கிடப்படும்.

புரவலர் வீட்டில் குழந்தை பிறந்தாலும், திருமணம் நடந்தாலும், பிற நன்மை தீமைகளின்போதும் மாங்கணியார் சென்று பாடுவர். புரவலரின் முன்னோர் பெயர்களை வரிசையாகக் கூறி வாழ்த்துவதும் அவர்களுடைய கடமை. எழுத்து ஆவணங்கள் அருகிய பகுதிகளில் குடும்பங்களின் வரலாற்றை நினைவில் காத்துவந்தவர்கள் இவர்களே. இதற்குக் கைம்மாறாகத் தானியம், கால்நடை, துணி, பணம் முதலியவற்றைப் பெற்றனர். இது இரக்கத்தால் இடப்படும் கொடை அன்று. உரிமையாகப் பெறப்படும் பங்கு. புரவலர் தம் கடமையில் தவறினால், அவருக்குப் பாட மறுக்கும் உரிமை இசைஞருக்கு உண்டு.

மாங்கணியார்களின் பாடல்களில் சமய எல்லைகள் கலந்தே காணப்படுகின்றன. கண்ணனைப் பற்றிய பாடல்களையும், புரவலர்களின் குலதெய்வங்களைப் பற்றிய பாடல்களையும் இவர்கள் பாடுகின்றனர். சிந்து நாட்டுச் சூபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீப் பிட்டாய், பஞ்சாபின் புல்லே ஷா ஆகியோரின் பாடல்களும் இவர்களிடையே வழங்குகின்றன. இச்சமூகத்தினர் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் வாழ்கின்றனர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினை, எல்லையின் இருபுறமும் பரவியிருந்த இசைஞர் குடும்பங்களையும் புரவலர் குடும்பங்களையும் பிரித்தது.

அதே பகுதியில் லங்கா என்னும் மற்றோர் இசைச் சமூகத்தினரும் வாழ்கின்றனர். அவர்களுடைய புரவலர்கள் இசுலாமியர்கள். லங்காக்களின் முதன்மைக் கருவி சிந்தி சாரங்கி ஆகும். கமைச்சா மாங்கணியார்களுக்கு உரிய கருவி. எனினும் மாங்கணியார்களிலும் சிந்தி சாரங்கி வாசிப்போர் உள்ளனர். 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற லாக்கா கான் இவர்களுள் ஒருவர்.

கமாஞ்சேயுடன் ஒப்பீடு

கமாஞ்சே ஈரான், அசர்பைஜான், ஆர்மீனியா முதலிய நாடுகளில் வாசிக்கப்படுகிறது. இதன் குடம் சிறியது; உருண்டையானது; தோலால் மூடப்பட்டது. தண்டி நீண்ட உருளை வடிவமானது. குடத்தின் அடியில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். வாசிப்பவர் அம்முள்ளைத் தொடையின் மீதோ தரையிலோ ஊன்றிக்கொள்வார். ஒரு நரம்பிலிருந்து மற்றொரு நரம்புக்கு மாறும்போது வில்லின் கோணத்தை மாற்றுவதற்குப் பதிலாக, முள்ளை அச்சாகக் கொண்டு கருவியையே திருப்புவது இதன் சிறப்பு. வில்லின் மயிர் தளர்வாகக் கட்டப்பட்டிருக்கும். வாசிப்பவர் அதைத் தம் விரல்களால் இழுத்து விறைப்பாக்கிக்கொள்வார்.

பழைய கமாஞ்சேயில் பட்டு நரம்புகள் மூன்று இருந்தன. வயலினின் தாக்கத்தால் பிற்காலத்தில் நான்காவது நரம்பு சேர்க்கப்பட்டு, உலோகத் தந்திகள் வழக்கத்திற்கு வந்தன. இஸ்பகான் நகரில் 1669ஆம் ஆண்டைச் சேர்ந்த ஹஷ்த் பெஹெஷ்த் அரண்மனையின் ஓவியம் ஒன்றில் பெண் ஒருவர் கமாஞ்சே வாசிக்கும் காட்சி உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆர்மீனியக் கவிஞர் சயாத் நோவா இக்கருவியை வாசித்தவர். இதைப் போற்றிப் பாடியவர். அசர்பைஜானின் முகாம் இசையில் பாடகருடன் தார், கமாஞ்சே ஆகிய இரு கருவிகளும் சேர்ந்து மூவர் குழுவாக அமைவது மரபு.

இரு கருவிகளுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடுகள் வருமாறு:

குடம்: கமைச்சாவில் பெரியது, அகன்றது. கமாஞ்சேயில் சிறியது, உருண்டையானது.

முள்: கமைச்சாவில் இல்லை. கமாஞ்சேயில் உண்டு.

நரம்புகள்: கமைச்சாவில் குடல் நரம்பு மூன்றும் உலோகத் தந்திகள் பலவும் உள்ளன. இன்றைய கமாஞ்சேயில் நான்கு தந்திகள் மட்டும் உள்ளன.

ஒத்ததிர்வுத் தந்திகள்: கமைச்சாவில் உண்டு. இன்றைய கமாஞ்சேயில் பொதுவாக இல்லை.

சூழல்: கமைச்சா புரவலர் வீட்டுச் சடங்குகளில் வளர்ந்தது. கமாஞ்சே அரசவையிலும் நகர இசையிலும் நாட்டார் இசையிலும் வளர்ந்தது.

இந்தியாவில் பாரசீகக் கருவிகள்

பாரசீகத்திலும் நடு ஆசியாவிலும் வழங்கிய, வில்லால் உரசப்படும் கருவிகள் முகலாயர் காலத்தில் இந்தியாவில் அறியப்பட்டிருந்தன. அபுல் பசல் எழுதிய அயினி அக்பரியில் அக்பரின் அவை இசைஞர்களின் பட்டியல் காணப்படுகிறது. அதில் மஷாத், ஹெராத் ஆகிய நகரங்களிலிருந்து வந்த கிச்சக் வாசிப்போர் குறிப்பிடப்படுகின்றனர். கிச்சக், கமாஞ்சேயின் இனத்தைச் சேர்ந்த கருவியாகும்.

அமைப்பில் கமாஞ்சேக்கு மிக நெருக்கமான இந்தியக் கருவி, காஷ்மீரின் "சாஸ்-எ-காஷ்மீர்" ஆகும். முள்ளுடன் கூடிய இக்கருவி அங்கு சூபியானா மௌசிகி என்னும் இசையில் வாசிக்கப்படுகிறது. இதற்கு ஒத்ததிர்வுத் தந்திகளும் உண்டு. இக்கலையில் புகழ்பெற்ற குலாம் முகமது சாஸ்நவாஸ் 2013ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்; 2014ஆம் ஆண்டு மறைந்தார்.

எனினும், இந்தியாவில் வில்லால் உரசப்படும் கருவிகள் யாவும் பாரசீகத்திலிருந்து வந்தவை எனக் கொள்வதற்கில்லை. ராஜஸ்தானின் போபா என்னும் கதைப்பாடகர்கள் வாசிக்கும் ராவணஹத்தாவின் குடம் தேங்காய்ச் சிரட்டையால் ஆனது. அக்கருவியை மரபுக்கதைகள் இலங்கை வேந்தன் இராவணனோடு தொடர்புபடுத்துகின்றன. கேரளத்தின் புள்ளுவர்கள் நாகப் பாட்டுகளுக்கு வாசிக்கும் ஒற்றை நரம்புப் புள்ளுவன் வீணையும் வில்லால் இசைக்கப்படுவதே. எனவே கமைச்சாவின் பெயர் பாரசீகத் தொடர்பைக் காட்டினாலும், குடைந்தெடுத்த மரக்குடம், குடல் நரம்புகள், ஒத்ததிர்வுத் தந்திகள் ஆகிய கூறுகளால் அது சாரங்கி முதலிய இந்தியக் கருவிகளோடு நெருங்கி நிற்கிறது.

மேடைக்கு வருதல்

1960ஆம் ஆண்டில் கோமல் கோத்தாரி, எழுத்தாளர் விஜய்தான் தேத்தா ஆகியோர் ஜோத்பூர் மாவட்டத்தின் போருந்தா என்னும் ஊரில் ரூபாயன் சன்ஸ்தான் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ராஜஸ்தானின் வாய்மொழி மரபுகளைத் திரட்டுவது இதன் நோக்கம். கோத்தாரி, லங்காக்கள், மாங்கணியார்கள் ஆகியோரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். 1960களிலிருந்து இவர்களைப் புரவலர் வீடுகளுக்கு வெளியே, நகர மேடைகளிலும் வெளிநாட்டு மேடைகளிலும் பாடச் செய்தார். இவர் 2004ஆம் ஆண்டு காலமானார்.

கமைச்சா வாசிப்பில் பெரும் புகழ் பெற்றவர் சாக்கர் கான் ஆவார். இவர் 1938ஆம் ஆண்டு ஜெய்சல்மேர் மாவட்டத்தின் ஹமீரா என்னும் ஊரில் பிறந்தார். பக்கவாத்தியமாக மட்டும் அறியப்பட்ட கமைச்சாவைத் தனித்து நின்று ஒலிக்கும் கருவியாக உலகம் அறிய இவரே பெரிதும் காரணமானார். 2012ஆம் ஆண்டு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஹமீராவில் உள்ள அவரது வீட்டில் பதிவு செய்யப்பட்ட இசைத்தொகுப்பு அதே ஆண்டில் வெளிவந்தது. சாக்கர் கான் 2013ஆம் ஆண்டு ஆகத்து மாதம் மறைந்தார். அவருடைய மகன்கள் இசை மரபைத் தொடர்ந்தனர்.

2006ஆம் ஆண்டில் நாடக இயக்குநர் ராய்ஸ்டன் ஏபல் உருவாக்கிய "தி மாங்கணியார் செடக்சன்" என்னும் மேடை நிகழ்ச்சி, பல நாடுகளில் நடத்தப்பட்டது. இதில் சிவப்புத் திரையிட்ட சிறு அறைகள் அடுக்கடுக்காக அமைக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் இசைஞர்கள் அமர்ந்திருப்பர். 2007ஆம் ஆண்டு முதல் ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையில் நடைபெறும் நாட்டார் இசை விழாவிலும் மாங்கணியார் இசை இடம்பெற்று வருகிறது.

ஆர்மோனியமும் கமைச்சாவின் நலிவும்

மேடைகளில் மாங்கணியார் இசை புகழ்பெற்று வந்த காலத்திலேயே, கமைச்சாவின் இடத்தை ஆர்மோனியம் பிடிக்கத் தொடங்கியது. ஆர்மோனியம் ஐரோப்பாவில் தோன்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த கருவி. தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி, மறுகையால் வாசிக்கத்தக்க வடிவம் இந்தியாவிலேயே உருவானது. அதைக் கற்பது எளிது. வெப்பத்தாலும் ஈரத்தாலும் அதன் சுருதி அவ்வளவாக மாறாது. கடையில் வாங்கலாம். கமைச்சாவுக்கோ தகுந்த மரமும், அதைக் குடையத் தெரிந்த கைவினைஞரும், குடல் நரம்பும், பதினேழு நரம்புகளைச் சுருதி கூட்டும் பொறுமையும், பல ஆண்டுப் பயிற்சியும் தேவை.

ஆனால் ஆர்மோனியத்தின் சுரங்கள் நிலையானவை. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு வழுக்கிச் செல்லவோ, இடைப்பட்ட நுண்சுரங்களைத் தொடவோ அதனால் இயலாது. இக்குறையின் காரணமாகவே அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் ஆர்மோனியத்தைத் தன் ஒலிபரப்பிலிருந்து விலக்கி வைத்திருந்தது. அத்தடை 1971ஆம் ஆண்டிலேயே தளர்த்தப்பட்டது. பாடகரின் குரல் வளைந்து செல்லும் வழியெல்லாம் கமைச்சாவும் வளைந்து செல்லும். ஆர்மோனியத்தைக் கேட்டு வளரும் பாடகரின் குரலும் காலப்போக்கில் அதன் கட்டைகளுக்கு ஏற்பவே அமைய வாய்ப்புண்டு. எனவே கருவி மாறுவது, அக்கருவியோடு சேர்ந்து வளர்ந்த பாடும் முறையையும் பாதிக்கக்கூடியது.

கருவி செய்வோர் குறைந்தது இரண்டாவது காரணம். இன்று வாசிக்கப்படும் கமைச்சாக்களில் பல, தந்தை, பாட்டனார் காலத்திலிருந்து கைமாறி வந்தவை. குடம் வெடித்தாலோ தண்டி முறிந்தாலோ மாற்றுக் கருவி எளிதில் கிடைப்பதில்லை.

மூன்றாவது காரணம் புரவலர் முறையின் தளர்ச்சி. ஜமீன் முறை ஒழிப்பு, நகரங்களுக்குக் குடிபெயர்தல், திருமணங்களில் ஒலிபெருக்கி இசை பரவியமை ஆகியவற்றால் புரவலர் குடும்பங்களின் வசதியும் தேவையும் மாறின. புரவலர் ஊருக்கும் இசைஞருக்கும் இடையிலான பிணைப்பு எவ்வளவு எளிதில் முறியக்கூடியது என்பதை 2017ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று காட்டியது. ஜெய்சல்மேர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நவராத்திரிச் சடங்கில் பாடிய மாங்கணியார் பாடகர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து அவ்வூரின் மாங்கணியார்கள் ஏறத்தாழ 200 பேர் தம் வீடுகளை விட்டு வெளியேறினர்.

கமாஞ்சே மீண்ட விதம்

ஈரானில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வயலின் பரவியது. கமாஞ்சேயில் வாசிக்கப்பட்ட பாரசீக இசையை வயலினிலும் வாசிக்க முடிந்ததால், கமாஞ்சே கலைஞர்கள் பலர் வயலினுக்கு மாறினர். நகர இசையில் கமாஞ்சே மறையும் நிலையை அடைந்தது. அலி அஸ்கர் பகாரி (1905-1995) அதை விடாது வாசித்து, அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார். 1968ஆம் ஆண்டில் தெஹ்ரானில் ஈரானிய இசையைப் பாதுகாக்கவும் பரப்பவும் ஒரு மையம் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகத்திலும் இம்மையத்திலும் பயின்ற இளைஞர்கள் வழியாகக் கமாஞ்சே மீண்டும் நிலைபெற்றது. அசர்பைஜானில் ஹாபில் அலியேவ் (1927-2015) இக்கருவியின் பெருங்கலைஞராகத் திகழ்ந்தார்.

1963ஆம் ஆண்டு பிறந்த ஈரானியக் கலைஞர் கைகான் கல்ஹோர் இதை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றார். அவர் இந்திய சிதார்க் கலைஞர் சுஜாத் உசேன் கானுடன் இணைந்து "கசல்" என்னும் குழுவை அமைத்து, 1997ஆம் ஆண்டு முதல் இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். 2017ஆம் ஆண்டு திசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம், கமாஞ்சே செய்யும் கலையையும் வாசிக்கும் கலையையும் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஈரானும் அசர்பைஜானும் கூட்டாக இதற்கு விண்ணப்பித்திருந்தன. வாசிப்பு மட்டுமன்றிச் செய்முறையும் பட்டியலில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. ராஜஸ்தானின் கால்பேலியா பாடல்களும் ஆடல்களும் 2010ஆம் ஆண்டில் இதே பட்டியலில் சேர்க்கப்பட்டன. கமைச்சா அதில் தனியாக இடம்பெறவில்லை.

தென்னிந்தியாவில் வயலின்

ஈரானில் நிகழ்ந்ததற்கு மாறான ஒன்று தென்னிந்தியாவில் நிகழ்ந்தது. பாலுசுவாமி தீட்சிதர், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயலினைக் கருநாடக இசைக்குக் கொண்டு வந்தனர். கருவியின் அமைப்பு பெரிதும் மாற்றப்படவில்லை. பிடிக்கும் முறையும், சுருதி கூட்டும் முறையும், கமகங்களை வாசிக்கும் முறையும் மாற்றப்பட்டன. இன்று கருநாடக வாய்ப்பாட்டுக் கச்சேரியில் வயலின் இன்றியமையாத பக்கவாத்தியமாக உள்ளது.

மைசூர் டி. சௌடையா (1895-1967) நான்கு தந்திகள் கொண்ட வயலினை ஏழு தந்திகள் உடையதாக மாற்றி வாசித்தார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பெரிய சபைகளின் கடைசி வரிசை வரை ஒலி எட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். கருநாடக எல்லையை ஒட்டிய தேன்கனிக்கோட்டை, ஓசூர் பகுதிகளுக்கு அண்மைப் பெருநகரமான பெங்களூரில், அவர் நினைவாக 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மண்டபம் வயலின் வடிவிலேயே கட்டப்பட்டுள்ளது.

வயலின் வில்லால் உரசப்படும் கருவி என்பதால், குரலின் வளைவுகளைப் பின்பற்றும் ஆற்றல் அதற்கு இயல்பாகவே இருந்தது. எனவே அது வெளியிலிருந்து வந்தாலும் கருநாடக இசையின் கமகங்களுக்கு இடையூறாக இருக்கவில்லை. கமைச்சாவின் இடத்திற்கு வந்த ஆர்மோனியத்திற்கு அவ்வாற்றல் இல்லை. இந்த வேறுபாடு, ஓர் அயல் கருவியின் வரவு எப்போது ஓர் இசைமரபை வளர்க்கிறது, எப்போது அதைக் குறைக்கிறது என்பதை அறிய உதவுகிறது.

இன்றைய நிலை

மாங்கணியார் இசை இன்று முன்னெப்போதையும்விடப் பரவலாக அறியப்பட்டுள்ளது. திருவிழாக்களிலும், சுற்றுலா விடுதிகளிலும், திரைப்படங்களிலும் இவர்களுடைய பாடல்கள் ஒலிக்கின்றன. ஆனால் இந்நிகழ்ச்சிகள் பலவற்றில் தோலக்கும் கர்த்தாலும் ஆர்மோனியமும் முன்னிற்கின்றன. கமைச்சா வாசிப்போர் குறைந்த எண்ணிக்கையிலேயே உள்ளனர்.

கமாஞ்சேயின் வரலாறு, நலிந்த கருவி மீள்வதற்குக் கலைஞர் ஒருவரின் புகழ் மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது. கற்பிக்கும் இடம், கருவி செய்வோர், தொடர்ந்து கேட்போர் ஆகிய மூன்றும் தேவைப்பட்டன. கமைச்சாவுக்குக் கற்பிக்கும் இடமாக இன்றும் இருப்பது இசைஞர்களின் வீடே. கருவி செய்யும் கலை மீண்டும் பரவுவதையும், இளைஞர்கள் அதைக் கற்பதையும் பொறுத்தே இக்கருவியின் எதிர்காலம் அமையும்.

இவற்றையும் பார்க்க

கமாஞ்சே
சாரங்கி
ராவணஹத்தா
புள்ளுவன் வீணை
வயலின்
மாங்கணியார்